குழம்பு என்று சொல்லி

பிப்ரவரி 7

இன்று சொல்லாமல் விட்டது: "அப்புறம் எதுக்கு சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

எங்கள் பயணிகளில் ஒருவரான கணக்கு வாத்தியாரிடம் கேட்டிருக்க வேண்டும். அருங்காட்சியகத்தின் இரண்டாவது கூடத்தில், எண்ணூறு வருடத்துக்கு முந்தைய தண்ணீர்க் குடம் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாப்பா, பன்னெண்டரை ஆச்சு. மாஸ்டர் சோறு வடிச்சிருப்பாரு. ஆறிடும்" என்றார். அவ்வளவுதான். முப்பத்தொரு பேரும் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். அந்தக் குடத்தின் கழுத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. மண் ஈரமாக இருந்தபோது யாருடைய கட்டைவிரலோ பதிந்த இடம். அதைக் காட்டுவதற்காக நான் நாலு நாளாகக் காத்திருந்தேன்.

"ஆமா சார், போலாம்" என்றேன். சிரித்தேன் வேறு. வாசலில் தலைகளை எண்ணினேன். முப்பது. ஒருவர் கழிப்பறையில். முப்பத்தொன்று.

சாப்பாட்டு வேன் பின்பக்கம் மரநிழலில் நின்றது. எங்கள் கம்பெனியின் பெருமையே அந்த வேன்தான். பேருந்தின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது: 'ஊர் எதுவானாலும் சோறு நம்ம சோறு!' பதினெட்டு நாள், ஆறு ஊர். முன்னால் பேருந்து, அதில் டிரைவர் அண்ணனும் பயணிகளும் நானும். பின்னால் வேன், அதில் சமையல் மாஸ்டர், அவருடைய அண்டாக்கள், அடுப்பு, அரிசி மூட்டை. என் வேலைக்குப் பெயர் பயண ஒருங்கிணைப்பாளர். செய்வது தலை எண்ணுவதும் தண்ணீர் பாட்டில் கொடுப்பதும்.

வருவதற்கு முன் ஆறு ஊர்களைப் பற்றியும் நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். எந்தச் சந்தை எப்போது திறக்கும், எந்தத் தெருவில் என்ன தின்னக் கிடைக்கும், ஏன் ஒரு ஊரில் கதவுகளை எல்லாம் ஒரே நிறத்தில் அடிக்கிறார்கள். ஒரு நோட்டு நிறைய. இன்று வரை அதில் ஒரு வரிக்குப் பக்கத்திலும் டிக் விழவில்லை.

பிப்ரவரி 8

மேனேஜர் போன் செய்தார். புறப்படும் முன் அவர் மேசையில் நான் வைத்துவிட்டு வந்த திட்டத்தை ஒருவழியாகப் படித்திருக்கிறார். சின்னத் திட்டம்தான். எட்டுப் பேர் மட்டும், இதே ஆறு ஊர், வேன் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்களோ அங்கே சாப்பிடுவது, நடந்து பார்ப்பது. கூட்டிப்போவது நான்.

"படிக்க நல்லாருக்கு மேடம்." அந்தப் 'படிக்க'வில் என்ன ஒரு அழுத்தம்! "ஆனா நம்ம ஆளுங்க வெளியில வாய் வைக்க மாட்டாங்க. இருபது வருஷமா பாக்கறேன்."

"வெப்பாங்க சார்."

"அப்ப காட்டுங்க. இந்த ட்ரிப் முடியறதுக்குள்ள ஒரே ஒரு வேளை, எல்லாரும் வெளியில சாப்பிட்டாங்கன்னு காட்டுங்க. அந்த ரூட் உங்களுக்கு. இல்லேன்னா... டிக்கெட் கவுன்ட்டர்ல ஒரு ஆள் குறையுது. உக்காந்து பாக்கற வேலை, நிம்மதி."

கவுன்ட்டரை நினைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு அரைவட்ட ஓட்டை. அதன் வழியாக ஊருக்குப் போகிறவர்களின் விரல்கள் மட்டும் தெரியும்.

பிப்ரவரி 9

மதியம் அதே குழம்பு. இந்த ஊரையும் பேருந்து ஜன்னல் அகலத்துக்குத்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 10

அம்மா போனில்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

"குழம்பு."

"அங்கயுமா! குடுத்து வெச்சவ போ."

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 12

இன்று அந்த ஒரு வேளை. நினைத்தாலே காது சுடுகிறது.

டிரைவர் அண்ணன் ஊர்ப் பெயர்களைச் சொல்ல மாட்டார். வண்டி நிறுத்தும் இடத்தை வைத்துத்தான் எல்லா ஊரும். முதல் ஊர் 'லாரி ஷெட்', அடுத்தது 'மணிக்கூண்டு', இது 'பாலம்'. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆற்றைப் பார்த்தபடி ஒரு உணவுக்கடை இருக்கிறது. நோட்டில் மூன்று நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். நேற்றே போய்ப் பேசி, கறி மீன் இல்லாமல் செய்யச் சொல்லி, நாலு நீள மேசை பிடித்து வைத்தேன். காலையில் பேருந்தில் மைக் பிடித்து அந்தக் கடையின் கதை முழுவதும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். நம்பிவிட்டேன்.

எல்லாரும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், தட்டுகள் வந்தன. அவித்த கிழங்கின் மேல் பச்சையாக ஏதோ அரைத்து ஊற்றி, ஓரத்தில் மொறுமொறுவென்று வறுத்த இலைகள். ஆவி பறந்தது. முப்பத்தொரு பேரும் அதைப் பார்த்தார்கள், பரீட்சைத் தாளைப் பார்ப்பது போல.

"பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் வாத்தியார். அதற்குப் பிறகு கையை நகர்த்தவில்லை.

வாத்தியாரின் மனைவி, டீச்சரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், பையைத் திறந்தார். ஊறுகாய் பாட்டில். அது மேசை மேசையாக நகர ஆரம்பித்தது. ஒருவர் பரிமாறுகிறவரிடம் சைகையில் வெறும் சோறு கேட்டார். அவருக்குப் புரியவில்லை, கை கழுவும் இடத்தைக் காட்டினார். இன்னொருவர் வறுத்த இலையை மட்டும் நுனிவிரலால் எடுத்து, முகர்ந்து, திரும்ப வைத்தார். அதற்கு அவர் மனைவி, "தொட்டுட்டீங்கல்ல, தின்னுங்க!" எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரம்மாவும் நல்லதுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் மட்டும் என் தட்டைக் காலி செய்தேன். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோபத்தில் தின்றால் எதுவும் ஒன்றுதான்.

வெளியே வந்தால் வேன் நிற்கிறது. மாஸ்டர் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்! வரிசையில் நிற்பதற்குக்கூட நேரமில்லை அவர்களுக்கு.

"உங்கள இன்னிக்கு சமைக்க வேண்டாம்னு சொன்னேனே மாஸ்டர்?"

"சொன்னீங்க மேடம்."

"அப்புறம்?"

"பசியோட வண்டியில ஏறினா என்னையா திட்டுவாங்க? உங்களத்தான்." கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டிவிட்டு, "தட்டு கொண்டாங்க, குழம்பு சூடா இருக்கு" என்றார்.

வேண்டாம் என்றேன். திரும்பி நடக்கும்போது டீச்சரம்மா சொன்னது கேட்டது: "இன்னிக்கு மாஸ்டர் கை அமிர்தம்ங்க. வெளியில போய்ட்டு வந்தாதான் நம்ம அருமை தெரியுது."

பிப்ரவரி 13

பயணம். ஒன்பது மணி நேரம். பேச விருப்பமில்லை, எழுதவும்.

பிப்ரவரி 14

நாலாவது ஊர், 'ஏத்தம்'. தெருக்கள் எல்லாம் படிக்கட்டுகள்.

பயணிகள் போர்வைக் கடைக்குள் போனார்கள். போர்வைக் கடை என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கவலையில்லை. டிரைவர் அண்ணனிடம், "ஒரு மணி நேரம் தலைங்கள நீங்க பாத்துக்கங்கண்ணே" என்றேன். "ஓடிப் போயிடாதீங்க, அப்புறம் நான்தான் மைக்ல பேசணும்" என்றார்.

படியேறிப் போனேன். நோட்டில் இல்லாத ஒரு சந்து. பெயர்ப் பலகை இல்லாத ஒரு கடை, நாலு பெஞ்சு. சுமை தூக்குகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்து, கேட்காமலே கிண்ணம் வைத்தார். கறி இருக்கிறதா என்று சைகையில் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டி, ஒரு கொத்துக் கீரையைத் தூக்கிக் காட்டினார்.

முதல் வாயில் கசப்பு. அது போவதற்குள் பின்னாலேயே ஒரு புளிப்பு வந்து அதைத் தள்ளிக்கொண்டு போனது. கடைசியில், விழுங்கிய பிறகு, வறுத்து இடித்த ஏதோ விதையின் எண்ணெய் நாக்கின் அடியில் தங்கியது. இப்படி ஒரு வரிசையில் ருசி வந்து போகும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பெயர் கேட்டேன். அந்த அம்மா மூன்று முறை சொன்னார். நான் திருப்பிச் சொன்னதும் பெஞ்சில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து நாளில் முதல் முறையாகச் சிரிப்பதற்காகச் சிரித்தேன். அந்தச் சொல்லை நோட்டில் எழுதி முதல் டிக்கைப் போட்டேன்.

இதுவரைதான் சந்தோஷம்.

மதியம் ஒன்றரை மணி. வேன். தட்டை நீட்டினேன், மாஸ்டர் ஊற்றினார். பசியில்லை, கடமைக்கு ஒரு வாய் வைத்தேன்.

கசப்பு. பின்னாலேயே புளிப்பு. நாக்கின் அடியில் எண்ணெய்.

மிளகாய்ப் பொடி கொஞ்சம் அதிகம், மேலே தாளிப்பு, நிறம் வழக்கம் போலச் சிவப்பு. ஆனால் அதுதான். காலையில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்ட அதேதான். தலை நிமிர்ந்தேன். மாஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை.

"மாஸ்டர், இது என்ன?"

"குழம்பு மேடம். இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

பக்கத்தில் வாத்தியார் தட்டை வழித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 15

குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த மாஸ்டரைப் பிடித்துவிட்டேன். அவருக்கு நாற்பது இருக்கும். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். தலைமுடி மேல் ரொம்ப அக்கறை, வேன் கண்ணாடியில் நாளைக்குப் பத்து முறை சீவுவார். நான் அவரைப் பற்றி இதற்கு மேல் யோசித்ததில்லை.

"ஏத்தத்துல, படிக்கட்டு மேல, பெயர்ப் பலகை இல்லாத கடை" என்றேன்.

தேய்ப்பதை நிறுத்தினார். "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. சாப்பிட்டேன். பேரு கேட்டு எழுதியும் வெச்சிருக்கேன்."

பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பன்னெண்டு நாள் ஆச்சு மேடம், கண்டுபிடிக்க. அதுவும் கடையில போய் உக்காந்து பேரு கேட்டு எழுதினப்புறம். புஸ்தகம் படிச்சவங்க நாக்குக்கும் கண்ணாடி வேணும் போல!"

"எல்லா ஊர்லயுமா?"

"பின்ன? பதினொரு வருஷம். ஒரே ரூட்டு, ஒரே குழம்பு. தின்னறவனுக்கு மூணு வாரம்தான், கிண்டுறவனுக்கு? வாந்தி வந்துச்சு மேடம் எனக்கு, நெசமாவே. அப்புறம் ஒருநாள் துறைமுகத்துல காய் வாங்கப் போனேன். பின்கட்டுல ஒரு கிழவி என்னமோ கிண்டிக்கிட்டு இருந்தா. கொஞ்சம் குடுன்னேன். அதுலேர்ந்து ஆரம்பிச்சுது."

"ஜனங்களுக்குத் தெரியாதா?"

"நிறம் மாறாம பாத்துக்குவேன். அவங்க கண்ணாலதான சாப்பிடறாங்க. அப்புறம் பேரு. குழம்புன்னு சொல்லி ஊத்தணும், அவ்வளவுதான். வேற பேரு சொன்னா, கரண்டி தட்டுல விழறதுக்கு முன்னாடி அவங்க வயிறு கலங்கிடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கறி மீன் பக்கம் போனதில்ல. அது சத்தியம்."

பிப்ரவரி 16

இந்த டைரியின் பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

ஒன்பதாம் தேதி: 'மதியம் அதே குழம்பு.' இன்று மாஸ்டரிடம் கேட்டேன். அன்றைக்கு ஊற்றியது மணிக்கூண்டுச் சந்தைக்குப் பின்னால் நெசவாளர்கள் வீட்டில் செய்கிற பயறுக் கஞ்சியில் புளி விட்டது. நான் அந்த நெசவாளர் தெருவைப் பற்றி இரண்டு பக்கம் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன்! அம்மாவிடம் எரிச்சலோடு குழம்பு என்று சொன்னேனே, அது பாலத்துப் படகுக்காரர்களின் காலைச் சாப்பாடு.

தின்றுவிட்டேன். தின்றுகொண்டே, இந்த ஊர்ச் சாப்பாட்டைத் தின்ன முடியவில்லையே என்று புலம்பினேன். எனக்கும் வாத்தியாருக்கும் என்ன வித்தியாசம்? அவர் ஊறுகாய் பாட்டில் வைத்திருக்கிறார், நான் நோட்டு வைத்திருக்கிறேன்.

ச்சே.

பிப்ரவரி 17

'துறைமுகம்'. காலை ஏழரைக்கு மாஸ்டருடன் போனேன். பயணிகள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

மீன் ஏலம் விடுகிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீளச் சமையலறை. ஐந்து பெண்கள். மாஸ்டருக்கு இந்த ஊர்ப் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது, அவர்களுக்கு நம் பேச்சு தெரியாது. உள்ளே போனதும் அவர் ஒரு டப்பா மிளகாய்ப் பொடியை மேடையில் வைத்தார். அவர்கள் ஒரு ஜாடியைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்கள். அவர் முகத்தைச் சுளித்தார். அவர்கள் சிரித்தார்கள். அவருடைய சீவிய தலையை ஒருத்தி கலைத்துவிட்டாள்! மீன் அடுப்பு வேறு, இந்த அடுப்பு வேறு என்று கைகாட்டிச் சரிபார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் நின்று கிண்டினார். அவர்கள் கை வைக்கும் இடத்தில் கை வைத்து, அவர்கள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி. பிறகு இரண்டு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு வந்து, வேனில் காய் சேர்த்து எல்லாருக்கும் வருகிற அளவுக்குப் பெருக்கினார்.

"மூணாவது சீட்டு அம்மாவுக்கு உப்பு ஆகாது. அதனால முதல்ல அவங்களுக்கு எடுத்து வெச்சுட்டு மீதிக்கு உப்பு. கடைசி சீட்டு ரெண்டு பேருக்கும் காரம் ஆகாது." எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். "எதுக்கு? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

எனக்கு வயிறெரிந்தது. ஆமாம், பொறாமைதான். எனக்கு மூன்று மொழியில் 'நன்றி' தெரியும். என் தலையை யாரும் கலைக்கவில்லை.

திரும்பும்போது, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்" என்றார்.

"சொல்ல மாட்டேன்."

"சொன்னா வேலை போயிடும்கறது ஒண்ணு. பாவம், அவங்களும் இத்தனை நாள் தின்னத நெனச்சு நெனச்சுக் குமட்டுவாங்க."

"சொல்ல மாட்டேன்னு சொன்னேனே மாஸ்டர்."

பிப்ரவரி 19

மேனேஜர்: "என்ன மேடம், காட்டிட்டீங்களா?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு சார்."

"கவுன்ட்டர்ல ஃபேன் போடச் சொல்லியிருக்கேன்."

நாக்கு நுனியில் இருந்தது. வருஷக்கணக்காகக் காட்டிக்கொண்டிருக்கிறோம் சார். ஒரு வேளை அல்ல, எல்லா வேளையும். சொல்லவில்லை.

பிப்ரவரி 20

திரும்பும் வழியில் பேருந்தில் நன்றி சொல்லும் கூட்டம். மாஸ்டரையும் பேருந்தில் ஏற்றி நிற்க வைத்தார்கள், ஏத்தத்தில் வாங்கிய போர்வை ஒன்றைப் போர்த்தினார்கள். வாத்தியார் மைக் பிடித்தார்.

"ஆறு ஊர் பாத்தோம். என்னத்தப் பாத்தோம்? கல்லு, மண்ணு. ஆனா ஒரு வேளையாவது நாக்கு அந்நியமாப் போச்சா? இல்ல! நம்ம நாக்கு நம்ம நாக்குதான். அந்த ஊர்க்காரன் தின்னறதெல்லாம் நமக்கு ஒத்துக்குமா?"

கைதட்டல். மாஸ்டர் போர்வையைப் பிடித்துக்கொண்டு பவ்யமாகத் தலை குனிந்தார். கள்ளன்!

"நம்ம பாப்பா ஒரு நாள் முயற்சி பண்ணுச்சு!" என்று வாத்தியார் என் பக்கம் கையை நீட்டினார். "எங்கள புல்லுத் தின்ன வைக்கப் பாத்துச்சு!"

முப்பத்தொரு பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான், எனக்குத் தெரியும். டீச்சரம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "கோவிச்சுக்காதம்மா, நீ சின்னப் பொண்ணு" என்றார்.

டேய், நீங்க தின்னது பூரா அவங்க சோறுடா! நீங்க அமிர்தம்னு சொன்னது படகுக்காரன் கஞ்சி! — கத்தியிருக்க வேண்டும். என் கையில் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்துக்கொண்டே பின் சீட்டு வரை நடந்தேன்.

பிப்ரவரி 22

வீடு. அம்மா சமைத்துப் போட்டார். என்னவென்று கேட்காமல் சாப்பிட்டேன்.

பயண அறிக்கை எழுத வேண்டும். வழக்கமாக ஒரு பக்கம்: வண்டி, தங்குமிடம், புகார்கள். நான் எழுத உட்கார்ந்தேன். ஆறு பக்கம் ஆகிவிட்டது.

எழுதும்போது எனக்கே ஆச்சரியம், அவ்வளவு நன்றாக வந்தது. துறைமுகச் சமையலறை, நெசவாளர் தெரு, ஏத்தத்துக் கசப்பு. நம் பயணிகள் அந்தந்த ஊர் உணவை விரும்பிச் சாப்பிடுகிறார்கள், இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார்கள், தடை நாக்கில் இல்லை, பெயரில்தான் இருக்கிறது. நாலாவது பக்கத்தில் ஒரு வாக்கியம்: 'பழகிய பெயரும் பழகிய நிறமும் இருந்தால் போதும், எந்த ஊரின் சாப்பாடும் நம் சாப்பாடாகிவிடும்.' இதை மூன்று முறை வாசித்துப் பார்த்தேன். நல்ல வாக்கியம்.

மாஸ்டர் பெயரைப் போடவில்லை. 'சமையல் பணியில் உள்ள ஒருவர்' என்று மட்டும்.

சொல்ல மாட்டேன் என்றுதானே சொன்னேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 24

அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு இரண்டு முறை கை கழுவினேன். ஏன்?

மார்ச் 3

மேனேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் என் ஆறு பக்கம், ஓரங்களில் பச்சை மையால் கோடுகள்.

"ரெண்டு தடவை படிச்சேன். என்னமா எழுதறீங்க!"

என் கால் தரையில் பாவவில்லை, அவ்வளவு சந்தோஷம். "அப்ப அந்த ரூட் சார்..."

"அது எதுக்கு இனிமே? இதே ரூட்லயேதான் ஊர்ச் சாப்பாடு போயிட்டிருக்கே. நீங்கதான் எழுதியிருக்கீங்க." பக்கத்தைத் திருப்பினார். "எனக்கு இத்தனை நாளா இது தோணல பாருங்க. எல்லாத்தையும் அங்கயே வாங்கி அண்டாவுல மாத்தி ஊத்திடலாம்னா, வேன் எதுக்கு? அடுப்பு எதுக்கு? சமைக்கறதுக்கு ஒரு ஆள் எதுக்கு?"

"சார், நான் சொன்னது அது இல்ல. அவர் சும்மா வாங்கி ஊத்தல. அங்க நின்னு, அவங்களோட..."

"நாலாவது பக்கம்" என்றார். அந்த வாக்கியத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். பச்சை மையில் இரட்டைக் கோடு போட்டிருந்தார். "பழகின பேரும் பழகின நிறமும் இருந்தா போதும். அருமை மேடம்! பஸ்ல எழுதியிருக்கறது எழுதினபடியே இருக்கட்டும். எந்த ஊர்ல எந்தக் கடைன்னு உங்களுக்குத்தான் தெரியும். அதனால நீங்க பஸ்லயே இருங்க. கவுன்ட்டர் வேண்டாம்."

"மாஸ்டருக்கு அதுல ஒண்ணும்... நான் யார் பேரும் போடல சார்."

"போடலையே. ரொம்ப நாகரிகமா எழுதியிருந்தீங்க."

சொல்லியிருக்க வேண்டும். மேசையைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இந்த வேலையே வேண்டாம் என்று எழுந்து வந்திருக்க வேண்டும். "சரி சார்" என்று வந்துவிட்டேன்.

மார்ச் 5

மாஸ்டருக்கு நாலு முறை போன் செய்தேன். ஐந்தாவது முறை எடுத்தார்.

"பேரு போடலையாமே மேடம். மேனேஜர் சொன்னாரு."

"ஆமா மாஸ்டர், நான்..."

"வண்டியில எத்தனை மாஸ்டர் இருந்தோம்?"

பின்னால் ஒரு பெண் குழந்தை பாடம் ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. "அடுப்பு மேல வெச்சிருக்கேன், வெக்கறேன்" என்று வைத்துவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை.

மார்ச் 6

அறிக்கையின் இரண்டாவது பக்கத்தில் அந்த டீச்சரம்மாவின் ஊறுகாய் பாட்டிலைப் பற்றி வேடிக்கையாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை எழுதியபோது சிரித்தேன் என்பது இன்று நினைவுக்கு வருகிறது.

மார்ச் 19

ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நன்றாக வந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 11

'துறைமுகம்'. முப்பத்துநாலு பயணிகள்.

வேன் இல்லை. அண்டாக்கள் பேருந்தின் அடியில், பெட்டிகள் வைக்கும் இடத்தில் வருகின்றன. பதினொன்றேகாலுக்கு ஏலக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அந்தப் பெண்கள் என் பின்னால் எட்டிப் பார்த்தார்கள், வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் வேலைக்குத் திரும்பினார்கள். முன்னாலேயே சொல்லி வைத்தபடி அளந்து கொடுத்தார்கள். டிரைவர் அண்ணன் ஒரு பக்கம் பிடிக்க, அண்டாவுக்கு மாற்றி மிளகாய்ப் பொடி தூவிக் கிளறினேன். மாஸ்டர் ஒரு மாணவர் விடுதியில் சேர்ந்துவிட்டாராம். அண்ணன்தான் சொன்னார். சம்பளம் இங்கே கொடுத்ததைவிடக் குறைவுதானாம், நானூறு பேருக்குச் சமையல், நாள் தவறாமல் ஒரே சாப்பாடு.

இரண்டாவது வரிசையில் ஒரு அம்மா உப்பு அதிகம் என்றார். யாருக்கு உப்பு ஆகாது என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் சேர்த்துக் கொடுத்தேன்.

மற்றவர்கள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். புகார் இல்லை.